யானைக் காட்டில் ஒற்றை வாழை

அத்தியாயம் எட்டு

வியாழக்கிழமைகளில் தியோடர் துப்பறிய மாட்டார். அன்று விவேக் நகரில் குழந்தை இயேசு கோயில் நவநாள். மெழுகுவத்தி வாங்க வரும் கூட்டம் அவருடைய ஆபீஸ் படிக்கட்டு வரை நிற்கும். அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை காலையில் மர்பி டவுனுக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே போனை நீட்டினார்.

"ஜோடியைப் பாக்காதீங்கம்மா. ஜோடிக்குப் பின்னாடி பாருங்க."

கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக எடுத்துக்கொள்கிறார்களே, அந்த மாதிரிப் படம். தைலமரங்களுக்கு நடுவில் ஒரு பெண் வெள்ளை கவுனில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முழங்காலிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலே, மங்கலாக, ஒரு கிளையில் மெரூன் நிறத்தில் ஒரு சட்டை தொங்கியது. முதுகில் ஏழு என்ற எண். அதற்கு மேல் வெள்ளைப் பட்டை. எங்கள் தெருப் பையன்களின் கால்பந்து ஜெர்ஸி அது. ஏழாம் எண் என் தம்பி விஜியுடையது.

விஜி காணாமல் போனது அதற்கு முந்தைய கோடையில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். எனக்குப் பிள்ளை இல்லை. அவன் இருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கல்யாணங்களுக்கு மேடை அலங்காரம் செய்வது, வாசலில் வாழைமரம் கட்டுவது, தோரணம் போடுவது அவன் தொழில். ஆனேக்கல் தாண்டி, காட்டை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இருக்கிறது. இப்போது அது கல்யாண ரிசார்ட். அங்கே ஒரு கல்யாணத்துக்கு வேலை செய்யப் போனவன் வீடு திரும்பவில்லை. அந்த ஜோடிப் படமும் அதே பங்களாவின் பின்பக்கம் எடுத்ததுதான். வேலை முடிந்து அப்போதே கிளம்பிவிட்டான் என்று பங்களாவில் சொன்னார்கள். வயசுப் பையன், யாரையாவது கூட்டிக்கொண்டு ஓடியிருப்பான் என்று போலீஸில் சொன்னார்கள். சந்தாபுராவில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் தீபாவளி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். விஜி இருக்கிறானா, இல்லையா?

அதற்காகத்தான் தியோடரிடம் போனேன். அவர் நெடுங்காலம் கோர்ட் சம்மன் கொடுக்கும் வேலையில் இருந்தவர். ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பழக்கம். ஆள் வீட்டில் இல்லை என்று சொல்பவர்களோடு அவர் வாதாட மாட்டார். வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பார். ஓய்வுக்குப் பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். அவருக்குத் துணை ஆஞ்சலா. அவள் விவேக் நகரில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கொரோனாவில் அது மூடிப்போய் இவரிடம் வந்து சேர்ந்தாள். வாயை மூட மாட்டாள். ஒரு புருவத்தை எடுத்து முடிப்பதற்குள் ஒரு குடும்பத்தின் கதையையே வாங்கிவிடுவேன், அங்கிளுக்கு அதற்கு ஆறு மாதம் ஆகும் என்பாள்.

அன்று அவளும் கூட வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்தவன் துணி காயப்போட மாட்டான், யசோதாக்கா," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சில நாட்கள் உயிரோடு இருந்தேன்.

என் கணவர் அய்யாவு அந்தப் பங்களாவில்தான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். விஜிக்கு அங்கே வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். சாயங்காலம் அவரிடம் படத்தைக் காட்டினேன். போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். தோட்டக்காரப் பையன் எவனாவது பழைய பனியன் கடையில் வாங்கியிருப்பான் என்றார். நான் போய்த்தான் ஆக வேண்டும் என்றபோது மறுக்கவில்லை. கல்யாணம் இல்லாத திங்கட்கிழமை தானே கூட்டிப்போவதாகவும், அது யானை வரும் இடம், நாங்களாகப் போகக் கூடாது என்றும் சொன்னார். விஜி போன நாளிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக என்னோடு அலைந்த மனிதர். தூண்களில் அவன் படத்தை ஒட்டும்போது பசை தடவிக் கொடுத்தவர். அதனால் அவர் சொன்னதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஆஞ்சலாவின் பழைய மாருதியில் நால்வரும் கிளம்பினோம். ஓசூர் ரோட்டில் சந்தாபுரா வரை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அந்த வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள். யானைக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டீர்களா என்று தியோடரைக் கேட்டாள். பங்களா வாசலில் அதன் வயதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, "எங்க வீட்டு பாத்ரூமும் இவ்ளோ பழசுதான். ஒரு ஜோடியாவது போட்டோ எடுக்க வந்துச்சா?" என்றாள். பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த அய்யாவு மட்டும் சிரிக்கவில்லை.

பெரிய பங்களா அது. துரைமார்கள் குதிரை கட்டிய லாயம் இப்போது மணப்பெண் அலங்கார அறை. முன்பக்கம் புல்வெளி, பின்பக்கம் சரிவு முழுக்கத் தைலமரம், அதற்கும் பின்னால் மூங்கிலும் உண்மையான காடும். கேட்டில் ஒடிசாக்காரக் காவலாளி ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து சின்ன மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தான். பின்வாசல் சாவியை எடுத்து வருகிறேன் என்று அய்யாவு முன்னால் போனார். நாங்கள் காவலாளியிடம் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போது விசிறி நின்றது. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரும் நின்றது.

"நம்ம கால் பட்டதும் கரண்ட் போச்சு," என்றாள் ஆஞ்சலா. "எவ்ளோ ராசியான ஆளுங்க நாம."

தியோடர் நின்று, எதையோ எதிர்பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தார். பிறகு நடந்தார்.

அய்யாவு வேர்த்து விறுவிறுத்து வந்து பின்வாசலைத் திறந்துவிட்டார். தான் அங்கேயே நிற்பதாகவும் யானை அரவம் கேட்டால் விசில் அடிப்பதாகவும் சொன்னார். மேல் சரிவில் ஓடும் கம்பி வேலியைப் பற்றித் தியோடர் கேட்டதற்கு, சோலார் வேலி, லேசாகச் சுண்டிவிடும், அவ்வளவுதான் என்றார். பிறகு என்னிடம் தனியாக, "வேலிப் பக்கம் போவாத, யசோ," என்றார்.

தைலமரக் காட்டுக்குள் குருவி சத்தம்கூட இல்லை. காய்ந்த இலை கணுக்கால் வரை கிடந்தது. அந்த மரத்தடியில் புல் முளைக்காது, ஓரங்களில் மட்டும் உன்னிச்செடி. படத்தில் இருந்த வளைந்த மரத்தை ஆஞ்சலாதான் முதலில் அடையாளம் கண்டாள். சட்டை இன்னும் அங்கே தொங்கியது.

மழையிலும் வெயிலிலும் மெரூன் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. கழுத்தைக் கிளையின் முண்டில் மாட்டியிருந்தார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். கீழ்த் தையலில் நான் போட்ட ஒட்டு இருந்தது, நீல நூலில். மெரூன் நூல் இல்லாமல் நீலத்தில் தைத்ததற்கு அவன் என்னைக் கேலி செய்திருக்கிறான். வலது கை நுனி மட்டும் பழுப்பேறி மொரமொரப்பாக இருந்தது. அதைத் தியோடர் விரலால் தடவிப் பார்த்தார்.

அவன்தான் என்று சொன்னேன். ஆஞ்சலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தியோடர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆள் தங்கியிருந்தால் அடுப்புக் கல் இருக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும், பீடித் துண்டாவது இருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒன்றும் இல்லை. அப்போது கொஞ்சம் மேலேயிருந்து ஆஞ்சலாவின் குரல் வந்தது.

"அங்கிள், யானைக்கு யாரோ டிபன் வச்சிருக்காங்க."

ஒரு வாழை. சாம்பல் நிறத் தைலமரங்களுக்கு நடுவில், இடுப்புயரத்தில், பச்சைப் பசேலென்று தனியாக நின்றது.

தியோடர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். யானை நடமாடும் இடத்தில் பைத்தியக்காரன்கூட வாழை வைக்க மாட்டான் என்றார் அவர். தெரியாத ஊரிலிருந்து வந்து, இங்கே ஒளிந்து கிடப்பவன்தான் வைப்பான். அதுவும் வாழை வைப்பவன் குலை தள்ளும்வரை இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவன். ஏதோ பயம், இங்கே பதுங்கியிருந்திருக்கிறான், பிறகு இடம் மாறியிருக்கிறான். அவன் போன தடத்தைப் பிடித்துவிடலாம் என்றார்.

நம்பினேன். அவர் பேசி முடிக்கும்வரை முழுசாக நம்பினேன்.

பிறகு அவரே குனிந்து அடிமரத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். நட்ட வாழைக்குப் பாத்தி இருக்கும், இதற்கு இல்லை. நட்ட வாழை நேராக வரும், இது பக்கவாட்டில் கிளம்பி வளைந்து நிமிர்ந்திருந்தது. "இதை யாரும் நடலை. படுத்துக் கெடந்தது எழுந்திருக்கு," என்றார். ஒரு குச்சியால் இலைகளைத் தள்ளி மண்ணைக் கீறினார். விரலளவு ஆழத்தில், அழுகிக் கறுத்த பழைய வாழைத்தண்டு ஒன்று மண்ணுக்குள் படுத்த வாக்கில் தெரிந்தது. அதன் கிழங்கிலிருந்துதான் இந்தக் கன்று வந்திருந்தது. தண்டைச் சுற்றி ஒரு கயிறு. அவர் குச்சி நுனியால் அதைத் தூக்கிக் காட்டினார். சாயம் போயிருந்தாலும் மஞ்சள் என்று தெரிந்தது. காய்ந்த மஞ்சள் கொம்பு ஒன்று அதில் கோத்திருந்தது. மூன்று முடிச்சு.

ஆஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோஷம் அங்கிள். ஜாதகத்துல தோஷம் இருந்தா மொதல்ல வாழைக்குத் தாலி கட்டுவாங்கல்ல, அது. ரிசார்ட்ல அதுக்கும் ஒரு பேக்கேஜ் வச்சிருப்பாங்க. வாழை சப்ளை நம்ம விஜியா இருக்கும்."

தியோடர் அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார். இருவரும் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் வழக்கத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்த அளவுக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த முடிச்சைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தோஷத்துக்குத் தாலி கட்டின வாழையை வெட்டிப் போட்டுடுவாங்க ஆஞ்சலா," என்றேன். "பொதைக்க மாட்டாங்க."

புதைப்பது எப்போது என்று இருவரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். எங்களில் கல்யாணமாகாமல் செத்த பையனை அப்படியே அனுப்ப மாட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி, பக்கத்தில் ஒரு வாழைக்கன்றைப் பெண்ணாக நிறுத்தி, அவன் கையைப் பிடித்து மஞ்சள் கயிற்றைக் கட்ட வைப்பார்கள். பிறகு குழியில் அந்தக் கன்றையும் அவனோடு படுக்க வைத்து மண் தள்ளுவார்கள். இல்லாவிட்டால் அவனுக்கு ஆசை தீராது என்பார்கள். குளிப்பாட்டுவதற்குக் கழற்றிய சட்டைதான் அந்தக் கிளையில் தொங்கியது. யாரும் காயப்போடவில்லை. எரிக்கவும் மனசு வராமல், எடுத்துப் போகவும் முடியாமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆஞ்சலா துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், கோயிலுக்குள் போவது போல. அதன் பிறகு அன்று முழுக்க அவள் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

தியோடர் அங்கேயே குந்தி உட்கார்ந்தார். கொன்றவன் குழி தோண்டுவான், தாலி தேட மாட்டான் என்றார். இந்தப் பங்களாவில் காவலுக்கு இருப்பவர்கள் ஒடிசா, சமையலுக்கு இருப்பவர்கள் உடுப்பிப் பக்கம். விஜிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கென்ன. பிறகு எழுந்து, இன்னொன்று தன்னைக் குடைகிறது என்று சொல்லி மேல் சரிவுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

"இத்தனை மாசமா இந்த வாழையை யானை ஏன் தொடலை?"

வேலி அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய மூன்று வரிசைக் கம்பி. அதில் படர்ந்த கொடி கம்பியைத் தொட்ட இடத்திலெல்லாம் கருகியிருந்தது. ஓரிடத்தில் ஒரு வௌவால் இறக்கையை விரித்தபடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"சோலார் வேலி தட்டிவிடும்மா. இப்படிப் புடிச்சு வச்சிக்காது," என்றார் தியோடர். சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள், புறங்கையைக் கம்பியில் வைத்துவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. வேலி செத்திருந்தது.

அவர் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் துப்பறிகிறவனின் சந்தோஷம் துளியும் இல்லை. சம்மனை நீட்டும்போது இப்படித்தான் பார்த்திருப்பார் என்று பின்னால் தோன்றியது.

"கேட்ல விசிறி நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? நான் ஜெனரேட்டர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. கல்யாண பங்களால கரண்ட் போனா ரெண்டு நிமிஷத்துல ஜெனரேட்டர் வரணும்மா. அப்போ கரண்ட் போகலை, யாரோ நிறுத்தியிருக்காங்க. இந்த வேலி நேரா மெயின்ல இருந்து வருது. நீங்க உள்ள வர்றீங்கன்னு தெரிஞ்சு, உங்க மேல படக் கூடாதுன்னு, யாரோ மெயினை இறக்கிட்டாங்க."

கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"உங்க தம்பிக்குத் தாலி தேடவும், உங்க உயிருக்குப் பயப்படவும், இந்தக் காட்டுல ஒரே ஆளுதான் இருக்கார்," என்றார்.

இலை நொறுங்கும் சத்தம் கேட்டது. கீழே, வாழையருகில், அய்யாவு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் திரும்பி வரவில்லை என்று தேடி வந்திருக்கிறார். கையில் பின்வாசல் சாவி. தியோடர் கீறிவிட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

அவர் சொன்னதை நான் சுருக்கித்தான் எழுத முடியும். காட்டுப்பன்றியும் யானையும் புல்வெளிக்கு வருகின்றன, விருந்தாளிகள் பயப்படுகிறார்கள் என்று பங்களா முதலாளி சோலார் வேலியில் மெயின் கரண்டையே கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுத்தவர் அய்யாவு. முதல் நாள் சாயங்காலம்தான் இணைப்பு முடிந்தது. காலையில் ஆட்களைக் கூட்டிச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். விஜி தோரணத்துக்கு மூங்கில் கிளை வெட்ட, விடியும்போதே, யாரையும் எழுப்பாமல் காட்டுக்குள் போயிருக்கிறான். வலது கை கம்பியில் பட்டிருக்கிறது. அன்றைக்கு முகூர்த்தம். பெண் வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று முதலாளி சொன்னார். முடிந்த பிறகு, கம்பி கட்டினது நீ, போனது உன் மச்சான், முதலில் உன்னைத்தான் கேட்பார்கள் என்று சொன்னார்.

கல்யாண வாசலுக்கு விஜி கட்டி வைத்திருந்த மரங்களில் கிழங்கு இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த வாழையில் ஒரு கன்றை இவரே தோண்டி எடுத்திருக்கிறார். மஞ்சள் கயிறு ஐயர் கொண்டுவந்த தாம்பாளத்தில் மிச்சமிருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று இருந்ததாகச் சொன்னார். ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் என்னோடு படுத்திருந்தபோது ஒருமுறை வாய் வரை வந்ததாம். நான் விஜிக்கு எப்படிக் கல்யாணப் பத்திரிகை அடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது ஞாபகம் இல்லை.

"வாய்க்கரிசி போட்டியா?" என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை நீ என்று பேசியதில்லை.

"போட்டேன். கிச்சன்ல பச்சரிசி இல்ல. பாஸ்மதிதான் இருந்துச்சு."

"கயிறு?"

"அவன் கையைப் புடிச்சு நான்தான் கட்ட வச்சேன். வெரல் மடங்கல, யசோ."

தியோடர் எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். போனில் சிக்னல் இல்லை, ரோடு வரைக்கும் போக வேண்டும் என்றார். போவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்று, மறைக்காமல் சொன்னார். போலீஸ் வந்தால் கம்பி கட்டினவர், புதைத்தவர், மறைத்தவர் என்று எல்லாவற்றுக்கும் அய்யாவு ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேஸ் கட்டில் முதலாளியின் பேர் முதல் தாளில் வராது. கடைசித் தாளில் வந்தால் அதுவே பெரிது. சம்மன் எடுத்துப் போன காலத்தில் இப்படிப்பட்ட வாசல்களில் ஆள் வெளியூர் என்ற பதிலைத்தான் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

அய்யாவு என்னைத்தான் பார்த்தார்.

"சொல்ல வேணாம்னு கேக்கல. ஆனா நானும் போயிட்டா உனக்கு யாரு இருக்கா?"

அவர் பயந்தபடியேதான் ஆனது. கேஸ் முடிவதற்குள் அய்யாவு பரப்பன அக்ரஹாரா ஜெயிலிலேயே நெஞ்சு வலியில் போய்விட்டார். ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த மண்ணுக்கு மேலே விளக்குத் தோரணமும் வாடகைக் கவுனும் வந்து போகும். இன்னொரு ஜோடி வந்து சிரிக்கும். நான் மர்பி டவுனில் இவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, கேட்பவர்களிடம் தம்பி வெளியூரில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"போன் பண்ணுங்க சார்," என்றேன்.

தியோடர் தலையாட்டிவிட்டுச் சரிவில் இறங்கினார். ஆஞ்சலா தயங்கி நின்றாள். போகச் சொன்னேன். போகும்போது கிளையிலிருந்த ஜெர்ஸியை எடுக்கக் கை நீட்டினாள், பிறகு போலீஸ் பார்க்க வேண்டும் என்று நினைவு வந்து விட்டுவிட்டாள்.

நாங்கள் இருவரும் மிஞ்சினோம். ஓடிவிட அவருக்கு நேரம் இருந்தது, பின்னால் முழுக்காடு இருந்தது. அவர் அசையவில்லை.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

வாழைக்குத் தெற்கே ஒரு இடத்தைக் காட்டினார். இலைகளை ஒதுக்கிவிட்டு அங்கே உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, மறுகோடியில், விஜியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கீழே ரோட்டில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். புருஷனும் பெண்டாட்டியுமாக நாங்கள் கடைசியாக உட்கார்ந்த இடம் அதுதான்.